சொல்லுக்கு எடை எங்கேயிருந்து வருது?

எங்க ஊர் டீக்கடையில யாராவது வெள்ளாமையைப் பத்தி ஒரு கருத்து சொன்னா, கேக்கறவங்க முதல்ல பாக்கறது சொன்ன ஆளோட வயலைத்தான். "அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும், போன சம்பாவுல பயிரைப் பாத்தோமே" என்பார்கள். இல்லேன்னா, "மொதல்ல உன் வயல்ல கோரையைப் புடுங்குடா"ன்னு வாயை அடைச்சிடுவாங்க. சொல்லும் வயலும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. அளந்து விட்டா அறுவடையில தெரிஞ்சுடும்.

வெளியிலேர்ந்து வந்த சொல்லை நம்பின கதையும் எங்க தஞ்சாவூர்ப் பக்கம் உண்டு. 1960-களில் ஆடுதுறை 27 நெல் வந்தப்ப, திருச்சி வானொலி அதைப் பத்தி எடுத்துச் சொன்னது. சனங்க அதுக்கு "ரேடியோ நெல்லு"ன்னே பேரு வச்சுட்டாங்க. ஆனா அந்த மரியாதை வெறும் பெட்டிக்குக் கிடைச்சது இல்லை. அதுக்குப் பின்னாடி ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் இருந்துச்சு.

இப்ப கையில போன் இருந்தா போதும். நெனச்சதை எழுதலாம், வீடியோ போடலாம், யார் அனுமதியும் வேண்டாம். இதை நான் குறை சொல்லலை. நம்மளை மாதிரி ஆளுங்க பேச்சுக்கு முன்னாடி எங்க இடம் இருந்துச்சு? ஆனா ஒண்ணு. டீக்கடையில சொன்னா "அது அவன் அபிப்பிராயம்"னு போயிடுற அதே பேச்சு, எழுத்தா, படத்தோட வந்துட்டா "தகவல்" ஆயிடுது.

ரெண்டு வருசம் முன்னாடி மாப்பிள்ளை சம்பா போட்டதைப் பத்தி எழுதியிருந்தேன். களிமண், வாய்க்கால் தண்ணி, ரெண்டு மா நெலம்னு எல்லாமே அதுல இருந்துச்சு. ஒருநாள் ராமநாதபுரம் பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி கூப்பிட்டாரு. "அண்ணே, நீங்க எழுதுனதைப் பாத்தேன். இந்த வருசம் மூணு ஏக்கரும் அதான். நகையை வச்சுப் பணம் வாங்கிட்டேன், வெத எங்க கெடைக்கும்?"

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அது கிட்டத்தட்ட 160 நாள் பயிர். அவருது வானம் பாத்த பூமி. மார்கழியோட மழை நின்னுட்டா மிச்ச நாளைக்குத் தண்ணிக்கு எங்க போவாரு? நான் எழுதின மண்ணையும் தண்ணியையும் விட்டுட்டு, நெல்லு சாஞ்சு கெடக்கற படத்தை மட்டும் மனசுல ஏத்திக்கிட்டாரு. அவர் ஊர்ல ஒரு பெரியவர் இதையே சொல்லியிருந்தா நாலு கேள்வி கேட்டிருப்பாரு. என்கிட்ட ஒண்ணுமே கேக்கலை.

"தம்பி, உங்க ஊர்ல வழக்கமா போடற குறுகிய வயசு நெல்லையே போடுங்க. ஆசையா இருந்தா கம்மாய்த் தண்ணி பாயற எடமா பாத்து பத்து குழியில மட்டும் இதைப் போடுங்க"ன்னு சொன்னேன். அரை மனசா ஒத்துக்கிட்டாரு. தை மாசம் அவரே கூப்பிட்டு, மூணு ஏக்கரும் அறுத்தாச்சுண்ணே, பத்து குழி இன்னும் பச்சையா நிக்குது, தண்ணிதான் இல்லைன்னாரு.

அதனால நண்பர்களே, நான் சொல்றதையும் சேத்துத்தான் சொல்றேன். யார் எழுதினாலும், அவர் மண்ணு என்ன, தண்ணி எது, எத்தனை குழியில பாத்தாருன்னு கேளுங்க. பதில் சொல்லலைன்னா, டீக்கடைப் பேச்சுன்னு நெனச்சுக்கிட்டு உங்க வேலையைப் பாருங்க.