டலஸ் நகரின் புல்மேடு

ரெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகரிலே டீலி சதுக்கத்தைத் தேடிச் சென்ற நாம், அது இத்துணைச் சிறியதோ என்று வியந்தோம். மூன்று வீதிகள் சரிந்திறங்கிப் புகையிரதப் பாலமொன்றின் கீழே ஒன்றுகூடுகின்றன. ஒருபால் ஏழுமாடிச் செங்கற் கட்டடம். சற்றுத் தள்ளி, மரவேலி சூடிய புல்மேடு. 1963 நவம்பர் 22ஆம் திகதி நண்பகல் 12.30 மணிக்கு, ஜனாதிபதி கென்னடி இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வீதியிலே சுடப்பட்டார். அன்று பாடநூற் களஞ்சியமாயிருந்த அக்கட்டடத்தின் ஆறாம் மாடி, 1989 முதல் நூதனசாலையாக விளங்குகின்றது.

வேட்டுகள் யாவும் அம்மாடியிலிருந்தே வந்தன என்பது 1964இல் வெளிவந்த வாரன் ஆணைக்குழுவின் முடிபு. ஆயினும் வேட்டொலி கேட்டவுடன் பலர் புல்மேட்டை நோக்கியன்றோ ஓடினர்! பின்னர் காங்கிரஸ் குழுவொன்று 178 சாட்சிகளின் கூற்றுகளை வகுத்து நோக்கியது. களஞ்சியத்தைச் சுட்டியோர் 49 பேர். மேட்டைச் சுட்டியோர் 21 பேர். வேறிடங்களைச் சுட்டியோர் 30 பேர். எஞ்சிய 78 பேருக்குத் திசையே புலப்படவில்லை.

இவர்களைப் பொய்யர் எனத் தூற்றுதல் தகாது. ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1,100 அடி செல்லும். அத்துவக்கின் குண்டோ 2,000 அடிக்கு மேற் பாய்வது. ஆகவே, குண்டு காற்றைக் கிழிக்கும் வெடிப்பொலியே வழியில் நிற்போரை முந்தி எட்டும். அது துவக்கிருந்த திசையைக் காட்டாது. குழல்வாய் ஒலி அதன் பின்னரே வரும். அதனைத் தொடர்ந்து சுவர்கள் எறியும் எதிரொலிகள். முதலில் எட்டிய ஒலியின் திசையையே நம் செவி பற்றிக்கொள்வது இயல்பு.

1978 ஓகஸ்டில் இவ்விடத்திலேயே துவக்குகளைச் சுட்டுச் சோதித்தனர். பொலிஸ் ஒலிப்பதிவொன்றைக் கொண்டு, மேட்டிலிருந்தும் ஒரு வேட்டு வந்திருக்கலாம் என 1979இல் அக்குழு அறிவித்தது. தேசிய விஞ்ஞானக் கழகத்தின் அறிஞர் குழு 1982இல் அச்சான்றை மறுத்தது. பொறிகளே இவ்வாறு பிணங்கினால், அஞ்சி ஓடிய மாந்தரை என் சொல்வது?

வேலியருகே நாம் நிற்கையில் பாரவண்டியொன்றின் ஊதுகுழல் திடீரென அலறியது. பாலத்தடியிலே என்றோம் நாம். இல்லை, கட்டடத்துப் பக்கமே என்றார் இல்லாள். இருவரும் வாதாடிக்கொண்டிருக்க, வண்டியோ சதுக்கத்தின் மறுகரையில், கொமேர்ஸ் வீதியிலே மெல்ல ஏறிச் சென்றுகொண்டிருந்தது.