வேலியில் பூத்த கார்த்திகை

ஒரகடம் ஜங்ஷனில் காலை ஆறரை மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? கம்பெனி பஸ், வேன், ஷேர் ஆட்டோ என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்து, யூனிஃபார்ம் போட்ட பையன்களை உதிர்த்துவிட்டுப் போகும். பாதிப் பேர் தூக்கத்தோடு இறங்குவார்கள். மீதிப் பேர் செல்போனோடு இறங்குவார்கள். ரோட்டோரத்தில் என்ன முளைத்திருக்கிறது என்று ஒருத்தராவது திரும்பிப் பார்ப்பார் என்கிறீர்களா? மூச்! நானும் நாலு வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது ஒரு கட்டைவிரல். எங்கள் சூப்பர்வைசரின் வலது கால் கட்டைவிரல்.

அது ஐப்பசி மாதம். ராத்திரி முழுக்க அடித்த மழை விடியற்காலையில்தான் ஓய்ந்திருந்தது. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் வழக்கமான டீக்கடையில் நாங்கள் ஒதுங்கியபோது, சூப்பர்வைசர் நொண்டிக்கொண்டே வந்தார். யூரிக் ஆசிட் தொல்லை. விரல் தக்காளி மாதிரி வீங்கியிருந்தது.

கடைக்குப் பின்னால் ஒரு முள்வேலி. அதில் ஒரு கொடி. கொடி முழுக்க நெருப்பு! ஆறு இதழும் மேல்நோக்கி வளைந்து, அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. அகல் விளக்கை யாரோ வேலியில் ஏற்றிவைத்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு இலையின் நுனியும் சுருண்டு, கிடைத்த குச்சியைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆபீஸ் நேர பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குவோமே, கிட்டத்தட்ட அதே பிடி.

"இது என்ன பூ பெரியவரே?"

"தெரியாதா தம்பி? செங்காந்தள். நாங்க கார்த்திகைப் பூன்னுதான் சொல்லுவோம். கீழ இருக்கறது கண்வலிக் கிழங்கு."

சூப்பர்வைசர் உடனே செல்போனைத் தட்டினார். ரெண்டே நிமிஷம். முகம் மலர்ந்துவிட்டது. "யோவ்! டாக்டர் எனக்கு எழுதிக் குடுத்தாரே கோல்ச்சிசின் மாத்திரை... அதே மருந்து இந்தக் கிழங்குல இருக்காம்யா! மெடிக்கல் ஷாப்ல காசு குடுத்து வாங்கறதை ஆண்டவன் வேலியில சும்மா வெச்சிருக்கான். பெரியவரே, மண்வெட்டி இருக்கா?"

பெரியவர் டீ கிளாஸை டொக்கென்று வைத்தார். "சார், ஆடு மாடுகூட இதுல வாய் வைக்காது. நீங்க வைக்கப் போறீங்களா?"

அவர் சொன்னதுதான் சரி. மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம், அளந்து வைத்தது. கிழங்கில் எவ்வளவு என்று அளந்து சொல்ல வேலியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இந்த மருந்தில் குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவில் இருக்கும் சந்து ரொம்பக் குறுகல். சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். அது நின்ற மாதிரி இருக்கும்போது உள்ளே ஒவ்வொரு உறுப்பாகப் படுக்கும். கிழங்கைத் தின்று உயிரை விட்டவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. சூப்பர்வைசர் இதையெல்லாம் படித்துவிட்டு, செல்போனை மெதுவாகப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "டீ சொல்லுய்யா" என்றார்.

அந்த வாரம் எங்கள் கம்பெனிக்கு மெஷின் மாட்ட ஒரு ஜெர்மன் இன்ஜினீயர் வந்திருந்தார். அவரிடம் பூவைக் காட்டினேன். "ஆறு இதழ், ஆறு மகரந்தக் காம்பு... எங்க அம்மா தோட்டத்துல இதுக்கு ஒரு சொந்தக்காரி இருக்கா!" என்றார். நிஜம்தான். கோல்ச்சிகம் என்று பெயர். ஒரே குடும்பம், ஒரே விஷம்.

குளிர் நாடுகளில் பாறைத் தோட்டம் என்று ஒன்று போடுவார்கள். சரிவாகக் கல்லை அடுக்கி, நடுவில் ஜல்லியும் மண்ணும் கலந்து கொட்டி, தண்ணீர் நிற்காமல் செய்து, மலைச் செடிகளை நடுவார்கள். செப்டம்பரில் மற்றச் செடியெல்லாம் கடையைக் கட்டும்போது, அங்கே கல் இடுக்கில் இலையே இல்லாமல் வெறும் பூவாக இந்தக் கோல்ச்சிகம் எட்டிப் பார்க்கும். இளம் ஊதா நிறம். இலை அடுத்த வசந்தத்தில்தான் வரும். அந்த இலையைக் காட்டுப்பூண்டு என்று நினைத்துப் பறித்துச் சமைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அங்கேயும் உண்டு. காஷ்மீர்க் குங்குமப்பூவும் இதே பருவத்தில், ஏறக்குறைய இதே தோற்றத்தில் பூக்கும். ஆனால் அது வேறு குடும்பம். அதற்கு மகரந்தக் காம்பு மூன்று, இதற்கு ஆறு. எண்ணத் தெரியாவிட்டால் பிரியாணி கடைசிப் பிரியாணி!

ஜெர்மனிக்கு அது இலையுதிர் காலம். நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். கணக்கு என்னவோ ஒன்றுதான். கிழங்கு என்பது செடியின் பி.எஃப். கணக்கு. நல்ல காலத்தில் பிடித்தம் செய்து மண்ணுக்குள் போட்டுவைத்து, கெட்ட காலத்தில் மேலே ஒன்றுமே இல்லாமல் தூங்கும். அங்கே கெட்ட காலம் கோடையும் பனியும். இங்கே தை முதல் வைகாசி வரை வெயில். மழை வாசனை பட்டதும் எழுந்துவிடும்.

சாதாரணப் பூவென்று நினைத்துவிடாதீர்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 பூக்களில் முதல் பெயர் இதுதான். தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் இதுதான். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் பந்தல் போட்டுப் பயிர் செய்கிறார்கள். காலையில் ஒவ்வொரு பூவாகக் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. சூப்பர்வைசர் முழுங்கும் மாத்திரைக்குப் பின்னால் இந்த மாதிரி எத்தனை விரல்களோ!

எங்கள் ஊர்ப்பக்கமும் லேசுப்பட்டதில்லை. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரப் பாறையில், பூக்கும் செடிகள் உலகத்தில் பெருகுவதற்கு முந்தைய காலத்துச் செடிகளின் அச்சு பதிந்திருக்கிறது. வயது பத்துக் கோடி ஆண்டுக்கு மேல். ராமானுஜர் பிறந்தது 1017-ல். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது 1996-ல். 2010 முதல் ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் வந்தன. எனக்கும் சேர்த்து ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு வந்தது. குறை சொல்ல வாயில்லை. ஆனால் முள்வேலி இருந்த இடத்தில் காம்பவுண்ட் சுவர் எழும்புகிறது. சுவரில் செங்காந்தள் ஏறாது.

மாசி மாதம் அந்த வேலிக்கும் ஜே.சி.பி. வந்தது. குடோன் கட்டப் போகிறார்களாம். கொடி காய்ந்து வைக்கோலாகிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை டியூட்டி முடிந்து, நான், பெரியவர், சூப்பர்வைசர் மூன்று பேரும் போனோம். கம்பெனி கிளவுஸ் மாட்டிக்கொண்டு, கலப்பை மாதிரி வளைந்த கிழங்குகளை நுனி ஒடியாமல் எடுத்தோம். நுனியில்தான் முளை இருக்கும்; ஒடிந்தால் போச்சு. ஏரிக்கரைக்கு மேலே, ஆடு பிள்ளைகள் போகாத புதர் ஓரமாக நட்டுவிட்டு வந்தோம். பத்துக் கிழங்கு.

அப்புறம் வைகாசி, ஆனி, ஆடி. தரையில் ஒன்றையும் காணோம். "பி.எஃப். பணம் போச்சுய்யா" என்றார் சூப்பர்வைசர்.

ஐப்பசியில் ஒரு நாள் நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்தால், சூப்பர்வைசர். பின்னணியில் தவளைச் சத்தம்.

"யோவ், எந்திரிய்யா! ஏரிக்கரையில நிக்கறேன். நாலு பூத்திருக்கு!"

"கால் வலியோட அங்க எதுக்கு சார் போனீங்க?"

"மாத்திரை போட்டுட்டுத்தான்யா வந்தேன்... மெடிக்கல் ஷாப் மாத்திரை!"