சிமென்ட்டுக்குள் டைட்டானியம்

மறு அறுவையில் பழைய செயற்கை இடுப்பு மூட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது நிறம்தான். தொடை எலும்புக்குள் தளர்ந்துபோன டைட்டானியம் தண்டைச் சுற்றியுள்ள திசு மை கொட்டியதுபோல் கறுத்துக் கிடக்கும். 1990களின் இறுதியில் வட இங்கிலாந்தில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது அதை முதன்முறையாகப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு மூட்டு வைத்து ஐந்து ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து வைக்கும் முதல் நாலைந்து அடியில் மட்டும் தொடை வலிக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார். சுத்தியலுக்கே வேலை இல்லை; கையால் இழுத்ததும் தண்டு வந்துவிட்டது.

அதை வைத்தவர்களின் கணக்கில் நியாயம் இருந்தது. செயற்கை இடுப்பு மூட்டின் முன்னோடியான சார்ன்லி 1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பாலிஎதிலீன் கிண்ணத்தோடு பொருத்திய தண்டு துருப்பிடிக்காத எஃகு. எஃகின் விறைப்பு சுமார் 200 கிகாபாஸ்கல். டைட்டானியத்துக்கு அதில் ஏறத்தாழ பாதிதான், 110. எலும்புக்கு இருபதுக்கும் கீழே. எலும்போடு இணங்கி வளையும் உலோகம் எலும்புக்கு நல்லது என்று நினைத்தார்கள். சிமென்ட் இல்லாமல் எலும்பு நேராக ஒட்டி வளரும்படி வைக்கும்போது அது உண்மை. இன்றும் நான் அப்படி வைக்கிறேன்.

நடுவில் சிமென்ட் வந்தால் கதை மாறுகிறது. சிமென்ட் என்று பெயர் வைத்திருந்தாலும் இந்த அக்ரிலிக் பொருள் பசை அல்ல. தூளையும் திரவத்தையும் கலந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி; முதலில் பாகு, பிறகு கையுறையில் ஒட்டாத மாவுப் பதம். அந்தப் பதத்தில் எலும்புக் குழலுக்குள் அழுத்தி நிரப்பி, தண்டை இறக்கி, இறுகும்வரை கை அசையாமல் பிடிக்க வேண்டும். கடைசி இரண்டு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். இறுகிய பின் அது எலும்பின் நுண்ணறைகளில் கோத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவே. வளையும் தண்டு தன் அசைவை மேல்பகுதிச் சிமென்ட்டின் மீது சுமத்துகிறது. இடைவெளி விழுகிறது. உடல்நீர் உள்ளே புகுகிறது. டைட்டானியத்தைக் காக்கும் ஆக்சைடு படலம் உரசலில் தேய்கிறது. ஆக்சிஜன் எட்டாத அந்தச் சந்தில் அது மறுபடி படர வழியில்லை. அமிலத்தன்மை ஏறி அரிப்பு தொடங்குகிறது. ஜெர்மனியில் வில்லெர்ட் என்ற மருத்துவரின் குழுவினர் 1996இல் விவரித்தது இதைத்தான். நான் பார்த்த கறுப்பும் உரசி உதிர்ந்த உலோகத் துகள்தான்.

சார்ன்லி தண்டின் சாயலில் 1991இல் பிரிட்டனில் அறிமுகமான ஒரு டைட்டானியம் தண்டு சுமார் 4,700 பேருக்குப் பொருத்தப்பட்ட பிறகு, 1998இல்தான் அரசு எச்சரிக்கை வந்தது. யாருக்கு எது வைக்கப்பட்டது என்று தேடிப்பிடிக்கவே பெரும்பாடு. 2003இல் அங்கே தேசிய மூட்டுப் பதிவேடு தொடங்கியது. ஸ்வீடனில் 1979 முதலே இருந்தது. அந்தத் தாமதத்தை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

ஆனால் உலோகத்தை மட்டும் குற்றம் சொல்வதும் தவறு. பிரான்சில் செராவர் ஓஸ்டியல் என்ற டைட்டானியம் தண்டு சிமென்ட்டுக்குள்ளேயே நெடுங்காலம் நன்றாக இருந்தது. அது தடித்தது, வழவழப்பானது, குழலை நிறைத்து நிற்பது. உருளைத் தண்டின் விட்டம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் வளைவை எதிர்க்கும் திறன் இரண்டு மடங்காகிவிடும்; எஃகுக்கும் டைட்டானியத்துக்கும் உள்ள வித்தியாசமே அவ்வளவுதான். தண்டின் மேற்பரப்பும் அதுபோல் முக்கியம். இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் 1970இல் வந்த பளபளப்பான எஃகுத் தண்டை 1976இல் சொரசொரப்பாக்கினார்கள். தளர்வு கூடியதைக் கண்டு 1986இல் மறுபடி பளபளப்புக்கே திரும்பினார்கள். அங்கே உலோகம் மாறவில்லை, தோல்தான் மாறியது.

சிமென்ட் வைத்தால் நான் மெருகேற்றிய எஃகைத்தான் எடுக்கிறேன். பழைய டைட்டானியம் தண்டோடு வலியின்றி நடப்பவர்கள் இன்னும் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்குக் கத்தி வைப்பதில்லை. ஆண்டுக்கொரு முறை எக்ஸ்-ரே எடுத்து, முந்தைய படத்தைப் பக்கத்தில் மாட்டி, தண்டின் தோளுக்கும் சிமென்ட்டுக்கும் நடுவே முடியளவு கருங்கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.