கறிவேப்பிலைப் பொடிக்கு ஏற்ற எழுத்து

சென்னைப் புறநகரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட பிறகு, பக்கத்திலிருக்கும் ஊரப்பாக்கத்தின் பெயர் வெளியூர்க்காரர்களுக்கும் பழகிவிட்டது. ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்தெருக்களில் நடந்தால் அடுக்குமாடிகளுக்கு நடுவே பழைய தனிவீடுகள் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டு மாடியில் நிழல் பார்த்து வெள்ளை வேட்டி விரித்துக் கறிவேப்பிலை உலர்த்தியிருந்தார்கள். வெயில் பட்டால் பச்சை போய்விடுமாம். கீழே உளுந்து வறுபடும் மணம். வீட்டில் பொருள் செய்து விற்பவர்கள் அதன் லேபிளுக்கு எழுத்துருவை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்க்கத்தான் போயிருந்தேன். சுவைக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட யாரும் பெயரின் எழுத்துக்குக் காட்டுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

நான் பார்க்கப் போன அக்கா மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர். நான்கு பெண்கள் சேர்ந்து கறிவேப்பிலை, பருப்பு, எள்ளு, பிரண்டைப் பொடிகள் செய்கிறார்கள். அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளிலும் தாம்பரத்தில் ஒரு கடையிலும் கொடுக்கிறார்கள். பழைய லேபிளை எடுத்துக் காட்டினார். பழுப்பு நிற கிராஃப்ட் பவுச்சின் மேல் ஆங்கிலத்தில் நூல் நூலாக நெளியும் கையெழுத்து பாணி எழுத்து. அதன் காலடியில் எறும்பளவுக்குத் தமிழ்.

“கையால செஞ்சதுன்னா எழுத்தும் இப்படித்தான் வளைஞ்சு வளைஞ்சு இருக்கணும்னு சொன்னாங்க சார். கடையில எடுத்துப் பாக்குறவங்க இது டீத்தூளான்னு கேக்குறாங்க.”

இந்த நெளிவெழுத்து ஒரு நோயாகவே பரவியிருக்கிறது. சோப்பு, தேன், மெழுகுவத்தி, ஊறுகாய் எல்லாவற்றின் மேலும் அதே எழுத்து. கையால் செய்ததைக் காட்டுவதற்கென்று எல்லோரும் ஒரே எழுத்துருவை இறக்கி ஒட்டினால், எவர் கையால் செய்தது என்பது மறைந்துபோகிறது. இத்தகைய எழுத்துருக்களில் பல தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம் என்ற நிபந்தனையோடு வருபவை. விற்கும் பொருளில் போட உரிமம் வாங்க வேண்டும். அதை யாரும் இவர்களிடம் சொல்வதில்லை.

தமிழ் ஏன் காலடிக்குப் போகிறது? விதி அப்படி என்று பலர் நம்புகிறார்கள். உணவு லேபிள் விதிகளும், 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகளும், கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும் என்கின்றன. கூடவே வேறெந்த மொழியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் அனுமதிக்கின்றன. தமிழைப் பெரிதாகப் போடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆங்கிலத்தில் வடிவமைத்து முடித்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் தமிழைத் திணிப்பதுதான் இங்கே வழக்கமாகிவிட்டது.

அக்காவுடன் அச்சுக்கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த தம்பி கோரல்டிராவில் பாமினியை எடுத்தார். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார்த்தி வைத்த, யூனிகோடுக்கு முந்தைய ஏற்பாடு பாமினி. கடைகள் இன்னும் அதை விடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. பழைய மென்பொருளில் யூனிகோடு தமிழை ஒட்டினால் ‘பொ’ உடைந்து, கொம்பும் காலும் புள்ளிவட்டத்தோடு தனியே நிற்கும். பாமினியில் அந்தத் தொல்லை கிடையாது. “எதுல அடிச்சாலும் கடைசில கர்வ் ஆக்கிடுவோம் சார், பிரஸ்ல ஃபான்ட் மாறாது” என்றார் தம்பி. அவர் சொல்வதும் சரிதான். ஆனால் பாமினி வகையிலேயே நின்றுவிட்டால், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த நல்ல தமிழ் எழுத்துருக்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

அவற்றை இறக்கிப் பார்த்தோம். ப்ரியா ரவிச்சந்திரனின் கேட்டமரான், மும்பை ஏக் டைப் வடிவமைத்த முக்த மலர், பலூ தம்பி, அனேக் தமிழ், இலங்கையின் தாரிக் அஸீஸ் வரைந்த கவிவனார். எல்லாம் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைப்பவை. விற்கும் பொருளின் மேல் தாராளமாகப் போடலாம். கடையிலிருந்த மென்பொருள் புதியது என்பதால் ‘பொ’ உடையவில்லை.

‘கறிவேப்பிலைப் பொடி’ என்ற பெயரைப் பாருங்கள். எழுத்து ஒன்பதுதான். ஆனால் வே-க்கு முன்னால் இரட்டைக்கொம்பு, லை-க்கு முன்னால் இணைக்கொம்பு, பொ-வுக்கு இருபுறமும் கொம்பும் காலும். எல்லாம் தனித்தனி இடம் கேட்கும்; வரிசையில் பதின்மூன்று உருவங்கள் நிற்கும். ஏழு சென்டிமீட்டர் அகல லேபிளில் இதை எங்கே வைப்பது? 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன், லை-யின் கொம்பு யானைத் துதிக்கை மாதிரி ல-வின் தலையிலேயே முளைத்திருக்கும். பக்கவாட்டு இடம் மிச்சம். பழைய கடைப்பலகைகளில் இன்றும் அதைப் பார்க்கலாம். இடப் பிரச்சினை தமிழ் அச்சுக்குப் புதிதும் இல்லை. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து 1713இல் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துகள் பெரியவையாக இருந்து காகிதத்தைத் தின்றன. அதனால்தான் பாதிரியார் சீகன்பால்கின் அச்சகத்தார் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள்.

தம்பி ஒரு வழி சொன்னார்: “நடுவுல இருக்குற ‘ப்’பை எடுத்துட்டா நல்லா உக்காரும்க்கா.” அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “பசங்க படிக்கிற வீட்டுக்கெல்லாம் போகுது தம்பி. தப்பா எழுதி ஒட்ட வேணாம்.” அவர் அப்படிச் சொன்னது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. எழுத்துருவுக்காகப் பெயரை வெட்டக் கூடாது. பெயருக்கு இடம் தரும் எழுத்துருவைத்தான் தேட வேண்டும்.

ஐந்து எழுத்துருக்களிலும் பெயரை அசல் அளவிலேயே ஒரே ஸ்டிக்கர் ஷீட்டில் அடித்து, வெட்டி, பவுச்சில் ஒட்டி அலமாரியில் வைத்தோம். திரையில் கொள்ளையழகாகத் தெரிந்த கவிவனார் பவுச்சில் மெலிந்து போனது. வாழ்த்து அட்டைக்கும் சிறு குறிப்புக்கும் அருமையான எழுத்து அது. எண்ணெய்க் கை படும் பொட்டலத்துக்குக் கோடு கனம் போதாது. பலூ தம்பி கொழுகொழுவென்று சிரித்தது. கடலைமிட்டாய்க்கு நான் அதைத்தான் சொல்வேன். அனேக் தமிழில் அகலத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி உண்டு. பெயர் முழுதும் ஒரே வரியில் அடங்கியது. நெருக்கமான எழுத்தில் மயங்கி நிகர எடையையும் விலையையும்கூட அப்படியே இறுக்குபவர்கள் கவனிக்க வேண்டும்: அந்த விவரங்களில் எழுத்தின் அகலம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்று பொட்டலப் பொருட்கள் விதி சொல்கிறது.

அடுத்து ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் அண்ணனிடம் போனோம். கிராஃப்ட் பவுச்சில் நேராக வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் சாதாரண டிஜிட்டல் மெஷினில் முடியாது. அதில் வெள்ளை மை இருக்காது. ஸ்கிரீன்தான் வழி. அண்ணன் மெஷ்ஷை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். “பொடி எழுத்து அடைச்சுக்கும் சார். மொதல்ல போறது புள்ளிதான். அப்புறம் சுழி.” மெய்யெழுத்தின் புள்ளி மெஷ் கண்ணுக்குள் தங்காமல் போனால் ‘வேப்பிலை’ ‘வேபபிலை’ ஆகிவிடும். வே, லை, பொ ஆகியவற்றின் சுழிகளுக்குள் மை பரவினால் எழுத்து கட்டியாகிவிடும். பலூ தம்பியின் சுழிகள் பெயரளவில் தாங்கின, சிறிய வரியில் அடைபட்டன. கேட்டமரானின் மெல்லிய வகைகள் கோடு விட்டு விட்டு வந்தன. முக்த மலரின் தடித்த வகை புள்ளியும் சுழியும் தெளிவாக நின்றது. எழுத்துருவைப் பற்றி நான் கேட்டவற்றிலேயே சுருக்கமான, சரியான பாடம் அந்த அண்ணன் சொன்னதுதான். வடிவமைப்பு படிப்பவர்கள் அவரைப் போன்றவர்களிடம் ஒரு வாரமாவது உட்கார வேண்டும்.

கடைசியில் அக்கா முக்த மலரை எடுத்துக்கொண்டார். ‘கறிவேப்பிலைப்’ ஒரு வரி, ‘பொடி’ அதைவிடப் பெரிதாக அடுத்த வரி. கீழே ஆங்கிலப் பெயர், அதே எழுத்துருவின் ஆங்கில எழுத்துகளில். பொடி வகை மாறினாலும் ‘பொடி’ அதே இடத்தில் அதே உருவத்தில் இருக்கும். நான்கு பவுச்சும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்துவிடும்.

குழுவின் பெயருக்கு மட்டும் எந்த எழுத்துருவும் வேண்டாம் என்றேன். ஃபிளெக்ஸ் வந்தபின் வேலை குறைந்த சுவரெழுத்துக் கலைஞர்கள் புறநகரில் இன்னும் இருக்கிறார்கள். ஐந்தாறு எழுத்துள்ள ஒரு பெயரைத் தூரிகையால் எழுதித் தரச் சொன்னால் அந்தக் கோட்டை வேறெவரும் இறக்கி ஒட்ட முடியாது. கையால் செய்த பொருளுக்குக் கையால் எழுதிய பெயர். அதற்கான கூலி ஒருமுறைதான். அக்கா யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

வீட்டில் பொருள் செய்து விற்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். ஆயிரம் லேபிளுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் பொருளின் பெயரை அசல் அளவில், அதே பவுச்சில் ஒன்றே ஒன்று அடித்துத் தரச் சொல்லுங்கள். அதை அலமாரியில் வைத்து ஐந்தடி தள்ளி நின்று, கண்ணாடி போடாமல் ஒரு பெரியவரைப் படிக்கச் சொல்லுங்கள். தமிழ்ப் பெயரை முதலில் வையுங்கள். ஆங்கிலத்துக்கு மீதி இடம் போதும்.