எழுத்தும் எண்ணும்

பார்வைக்கு ஒன்றாகத் தோன்றுவன யாவும் பொருளால் ஒன்றாவதில்லை. தமிழ் எண்களே இதற்குச் சான்று. ‘க’ என்னும் எழுத்தைப் போலவே ஒன்று என்னும் எண்ணையும் எழுதினர் நம் முன்னோர். ‘எ’யின் வடிவில் ஏழும், ‘அ’வின் வடிவில் எட்டும், ‘ய’வை ஒத்த வடிவில் பத்தும் அமைந்தன. அவர்கள் இடமறிந்து வாசித்தனர்; குழம்பவில்லை.

எங்கள் பங்கின் பழைய குத்தகைக் கணக்கேட்டை இளைஞர் சிலர் அண்மையில் கணிப்பொறியில் ஏற்றத் தொடங்கினர். ஓரிடத்தில் ‘௰௭ கலம் நெல்’ என்றிருந்தது. அதாவது பதினேழு கலம். அவர்களோ கைக்கு எட்டிய எழுத்துக்களைக் கொண்டு ‘யஎ’ எனத் தட்டியிருந்தனர். தாளில் அச்சிட்டபோது வேறுபாடு எளிதில் தெரியவில்லை. கூட்டுத்தொகை கேட்டபோதோ, கணிப்பொறி அந்த நெல்லைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை!

காரணம் என்ன? கணிப்பொறி வடிவத்தைக் காண்பதில்லை; ஒவ்வொரு குறிக்கும் உரிய எண்ணையே காண்கிறது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறி முறையில் ‘க’ என்னும் எழுத்தின் இடம் 2965. ஒன்று என்னும் எண்ணின் இடம் 3047. அவ்வாறே ‘ய’ 2991, பத்து 3056. இடத்தோடு இனமும் குறிக்கப்படுகிறது. ஒன்று முதல் ஒன்பது வரையுள்ளவை, இடத்திற்கேற்ப மதிப்புப் பெறும் பதின்ம இலக்கங்கள். பத்து, நூறு, ஆயிரம் ஆகிய குறிகள் அவ்வினத்தைச் சேர்ந்தவையல்ல. அரை என்னும் பின்னக்குறியைப் போல, மதிப்பு உண்டு, ஆனால் இலக்கம் அன்று என்னும் வேறோர் இனத்தில் அவை வைக்கப்பட்டுள்ளன. ரோமானிய எண்குறிகளுக்கோ ‘எழுத்தெண்’ என்று மூன்றாவது இனம் உண்டு.

ஆகவே ‘௧௭’ என்று எழுதினால் பதினேழு எனக் கணிப்பொறி எளிதில் கொள்ளும். ‘௰௭’ என்று எழுதினால் பத்தும் ஏழும் என்றறியும்; இரண்டையும் கூட்ட வேண்டும் என்னும் மரபை நாம்தான் கற்பிக்க வேண்டும்.

மரபில் தனிக்குறி பெறாத சுழியத்திற்கு 2005-இல் தமிழ் எண்களின் வரிசையில் இடம் கிடைத்தது. முந்திரி, காணி, மா முதலிய பின்னங்களும் அளவை, கணக்குக் குறிகளுமாக 51 குறிகள் 2019-இல் இடம்பெற்றன. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. அத்துணைச் சிறியதற்கும் தனி இடம்!

அன்பு வாசகர்களே, அந்தப் பதினேழு கலம் யாரோ ஓர் உழவர் வெயிலில் நின்று விளைவித்துச் செலுத்தியது. அதை ‘யஎ’ என்று எழுதிவிட்டால், அவர் செலுத்தியது செலுத்தாததாகிவிடும். கணிப்பொறி யாரையும் வேண்டுமென்று மறப்பதில்லை. நாம் சொல்லாததை அது அறியாது, அவ்வளவே. பழைய ஏடுகளைப் புதிய பொறிக்கு ஒப்படைப்போர், ஒவ்வொரு குறியையும் அது எப்படித் தோன்றுகிறது என்று பாராமல், எதுவாக இருக்கிறது என்று கேட்டு எழுதுவார்களாக. இறந்தோருக்கு நாம் செலுத்தும் நேர்மையான கடன் அதுவே.