இரண்டு தூளிகளும் ஒரு பந்தும்

கால்பந்து அன்பனுக்கு நடுநிலை என்பது கிடையாது. தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒரு பக்கம் சாராதவன் ஆட்டத்தைப் பார்க்கிறானே தவிர, அதில் வாழ்வதில்லை. நடுவரின் விசில் நம் அணிக்கு எதிராக ஒலித்தால் அவர் கண்ணில் கோளாறு. மாற்றணிக்கு எதிராக ஒலித்தால் அவரே நீதிமான். இவ்வாறு பக்கச் சார்பையே ஒரு பண்பாகப் பயின்று வளர்ந்தவனின் கையில் இறைவன் ஒரே நாளில் இரண்டு குழந்தைகளைக் கொடுத்து, இனி எப்பக்கமும் சாயாமல் நில் என்று பணித்தால் எப்படியிருக்கும்? நமக்கு வாய்த்தது அதுதான்.

சேலம், நாமக்கல் சமவெளி கால்பந்துக்குப் பேர்போன சீமையன்று. இங்கே மரவள்ளியும் மாவும் விளைகின்றன. லாரிகளுக்குக் கூண்டு கட்டுகிறார்கள். கோழிப்பண்ணைகளிலிருந்து முட்டை வெளிமாநிலங்களுக்குப் போகிறது. காலிமனையைக் கண்டால் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடுதான் இறங்குகிறார்கள். இருந்தும் நம் குடும்பத்தில் கால்பந்துப் பித்து மூன்று தலைமுறையாகத் தொடர்கிறது.

பாட்டனார் இளமையில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தோல் வணிகரிடம் கணக்கெழுதினார். கல்கத்தாவிலிருந்து வரும் வணிகக் கடிதங்களின் ஓரத்தில் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் செய்தியும் இரண்டு வரி இருக்குமாம். 1891இல் தோன்றிய அக்கழகம் 1934இல் கல்கத்தா லீக்கை வென்றது. அதுவரை எந்த இந்தியக் கழகமும் அதை வென்றதில்லை. 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் வெற்றி அவர்களுக்கே. அக்கழகத்தின் சலீம் 1936இல் ஸ்காட்லாந்துக்குச் சென்று, பூட்சு அணியாமல் பாதங்களில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு செல்டிக் கழகத்தின் சார்பில் ஆடிக்காட்டினார். பாட்டனார் இவற்றில் ஓர் ஆட்டத்தையும் கண்ணால் கண்டவரல்லர். காணாத அணிக்கு அவர் காட்டிய விசுவாசம், கண்ட அணிகளுக்கு நாம் காட்டுவதைவிடப் பெரிது.

அத்தாவின் நாயகர் சைமன் சுந்தரராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக அந்தத் தமிழர் அடித்த கோலே, ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இன்றுவரை அடித்த கடைசிக் கோல். ஆட்டத்தில் இந்தியா மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது. "தோத்த ஆட்டத்துலயும் ஒரு கோல் மிஞ்சும்டா" என்பது அத்தா அடிக்கடி சொல்லும் வார்த்தை. நமக்கு வாய்த்த அணி அர்ஜென்டினா. 2014 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கூடுதல் நேரத்தில் ஜெர்மனியிடம் அது ஒரு கோலில் தோற்ற இரவில் அந்தப் பற்று நம்மிடம் உறுதிப்பட்டது. வெற்றியில் சேர்கிறவர்கள் பலர். தோல்வியில் சேர்ந்தவர்களே நிலைப்பவர்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். 2022 செப்டம்பர் இறுதியில், சேலத்து மருத்துவமனை ஒன்றில், நாள் நிறையுமுன்னே நம் மக்கள் இருவரும் பிறந்தனர். முதலில் மகன், இரண்டு கிலோ முந்நூறு கிராம். ஆறு நிமிடம் கழித்து மகள், ஒரு கிலோ எழுநூறு. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைந்த பிள்ளை என்பது மருத்துவக் கணக்கு. இருவர் காதிலும் பாங்கு சொன்னபோது, மகளின் காது நம் சுண்டுவிரல் நுனியளவுதான் இருந்தது.

மகளைத் தேற்றுவதற்கு மருத்துவர்கள் சொன்ன வழி எளியது. ஆடையின் தடையின்றிப் பிள்ளையை மார்போடு அணைத்து, மேலே துணியைச் சுற்றி, மணிக்கணக்கில் அமர்ந்திருக்க வேண்டும். 1978இல் தென்னமெரிக்காவின் கொலம்பிய நாட்டில், போகோட்டா நகரத்து மருத்துவர் எட்கர் ரே தொடங்கிவைத்த முறை இது. கங்காரு முறை என்கிறார்கள். உடற்சூடு காக்கப்படுகிறது, மூச்சு சீராகிறது, தாய்ப்பால் ஊட்டுவதும் எளிதாகிறது. தாய்தான் முதன்மை; அவர் இளைப்பாறும் நேரத்தில் தந்தையின் மார்பும் ஆகும். நம் துணைவியார் மகனுக்குப் பாலூட்டும் நேரமெல்லாம் மகள் நம் மார்பில் கிடந்தாள்.

ராசிபுரத்து வீட்டுக்கு வந்தபின் உத்தரத்தில் இரண்டு தூளிகள் தொங்கின. நாமக்கல்லில் லாரிக் கூண்டு கட்டும் பட்டறையொன்றில் கணக்கெழுதுவது நம் பிழைப்பு. ஆகவே வீட்டிலும் ஒரு கணக்கு நோட்டுத் தொடங்கினோம். ஒரு பக்கம் மகன், மறுபக்கம் மகள். எப்போது பால், எவ்வளவு, எத்தனை துணி நனைந்தது, வாரம் எவ்வளவு எடை. இரவு பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை காவல் நம்முடையது. துணைவியார் பிழிந்து வைத்த பாலைச் சங்கில் வார்த்துச் சிறுகச் சிறுகப் புகட்ட வேண்டும். ஒருவர் குடித்து ஏப்பம் விட்டு உறங்கும் வேளையில் மற்றவர் விழிப்பார்.

அந்த நவம்பர் 20இல் கத்தார் நாட்டில் உலகக் கோப்பை தொடங்கியது. பிந்திய ஆட்டங்கள் நம் நேரப்படி இரவு பன்னிரண்டரைக்கு. காவல் நேரமும் ஆட்ட நேரமும் ஒன்றாக அமைந்ததை இறைவனின் கருணை என்றே கொண்டோம். கைப்பேசியின் ஒலியை அடக்கி அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, மடியில் ஒன்று, தூளியில் ஒன்று என்று ஆட்டம் பார்த்தோம்.

ஆனால் இருவரும் ஒருசேர அழுதால் யாரை முதலில் எடுப்பது? மகன் அழுதால் தெருக்கோடிக்குக் கேட்கும். மகள் அழுவது பூனைக்குட்டி முனகுவது போலிருக்கும். எந்த வீட்டிலும் உரத்த குரலுக்கே முதற் கை போகும். துணைவியார் முதல் வாரமே கேட்டுவிட்டார்: "சத்தம் போடுறவனுக்கே முதல்ல கொடுத்தா, சத்தம் வராத புள்ள என்னங்க செய்யும்?" அதிலிருந்து நோட்டே நடுவராயிற்று. யார் கடைசியாகக் குடித்து அதிக நேரம் ஆயிற்றோ அவருக்கே முதல் சங்கு. மகன் எவ்வளவு முறையிட்டாலும் நடுவர் தீர்ப்பை மாற்றுவதில்லை.

வெளியார் தீர்ப்புத்தான் வேறாயிருந்தது. பிள்ளை பார்க்க வந்த உறவினர் ஒருவர் நம் பித்தை அறிந்து, நீலமும் வெள்ளையும் பட்டையிட்ட சிறு பனியன் ஒன்றை மகனுக்கு வாங்கி வந்தார். மகளுக்கு ஒன்றுமில்லை. "பொம்பளப் புள்ளைக்குப் பந்தாட்டம் எதுக்கு" என்று சிரித்தார். இன்னொருவர், எடை குறைந்தது பையனாக இல்லாமல் போனதே, அந்த மட்டில் நல்லது என்றார். அன்பினால் சொன்னதுதான், ஆனால் அந்தச் சொல் சில நாள் உறங்கவிடவில்லை.

ஏனெனில் இந்த மண்ணின் கதை நமக்குத் தெரியும். பெண் சிசுக்கொலையைத் தடுப்பதற்காகத் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் தொடங்கியது இந்தச் சேலத்தில்தான். வேண்டாத பெண்மகவைக் கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் விட்டுச் செல்லுங்கள் என்று ஓர் அரசு தொட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டியிருந்த சீமை இது. அந்தக் கொடுமை ஒரே நாளில் பிறந்துவிடுவதில்லை. பையனுக்கு முதல் சங்கு, பெண்ணுக்கு மிச்சம். பையனுக்குப் பனியன், பெண்ணுக்குச் சிரிப்பு என்று சிறியதாகத்தான் அது தொடங்குகிறது. பெண்மகவை உயிரோடு புதைத்த சமுதாயத்தில் அப்பழக்கத்தை ஒழித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடி தொழுதார்கள். ஒரு மகனுக்கு மட்டும் கொடை கொடுத்துவிட்டுச் சாட்சி வேண்டி வந்த தோழரிடம், எல்லா மக்களுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று கேட்டு, இல்லையென்றதும் சாட்சியாக மறுத்தார்கள். மிம்பரிலிருந்து பலமுறை கேட்ட செய்திகள்தாம். ஒரு பனியன் வீட்டுக்குள் வந்தபோதுதான் அவற்றின் எடை தெரிந்தது. மறுநாள் பட்டறை முடிந்ததும் துணி வாங்கி, தையற்காரரிடம் கொடுத்து, அதே நீல வெள்ளைப் பட்டையில் இன்னும் சிறிய சட்டை ஒன்று தைத்து வந்தோம்.

அந்த உலகக் கோப்பையில் நமக்கு இன்னொரு சோதனையும் வந்தது. மொராக்கோ அணி ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் வீழ்த்தி அரையிறுதிக்கு வந்தது. ஆப்பிரிக்க நாடோ அரபு நாடோ அதற்குமுன் அங்கே நின்றதில்லை. மாட்ரிட் நகரில் வீடுகளைத் துப்புரவு செய்து மகனை வளர்த்த தாயை, ஆட்டக்காரர் ஹக்கீமி கூட்டத்தினிடையே தேடிச் சென்று அணைத்துக்கொண்டார். போர்ச்சுகலை வென்றபின் பூஃபால் என்பவர் தம் தாயாரோடு மைதானத்திலேயே ஆடினார். துணைவியார் பார்க்கக் கேட்ட காட்சிகள் அவ்விரண்டு மட்டுமே. ஒருபுறம் அர்ஜென்டினா, மறுபுறம் மொராக்கோ. இரண்டும் இறுதியில் சந்தித்தால் உங்கள் பக்கம் எது என்று பட்டறையில் எல்லாரும் கேட்டார்கள். பிரான்சு இரண்டு கோல் அடித்து அந்தக் கேள்வியைத் தீர்த்துவைத்தது. மகள் மூன்று கிலோவைத் தாண்டிய வாரம் அது. நோட்டில் அந்த எடைக்கு எதிரே துணைவியார் ஒரு பூ வரைந்திருக்கிறார். ஆட்ட முடிவு எங்கும் குறிக்கப்படவில்லை. டிசம்பர் 18இல் அர்ஜென்டினா பெனால்டியில் வென்றபோது, இருவரும் விழித்துக்கொள்வார்களே என்று வாய்விட்டுக் கத்தவும் இல்லை.

மூன்று வயது கடந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். வாசலில் ஒரே பந்துதான் கிடக்கிறது. மகன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறான்; மகள்தான் உதைக்கிறாள். பெண்ணுக்குப் பந்தாட்டம் எதற்கு என்றவர்களுக்குச் சொல்ல இப்போது செய்தியும் இருக்கிறது. தமிழகப் பெண்கள் அணி 2018இலும் 2023இலும் தேசியக் கோப்பையை வென்றது. 2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே வென்று, முதன்முறையாகத் தகுதிச் சுற்றின் வழியே ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தார்கள்.

பாட்டனாரின் முகம்மதன் ஸ்போர்ட்டிங், நாட்டின் தலையாய லீக்கில் 2024–25 பருவத்தில் ஆடிக் கடைசி இடம் பெற்றது. அதன் முடிவுகளை இன்றும் தேடிப் படிக்கிறோம். அது நம் தலைமுறையின் விசுவாசம். பிள்ளைகளுக்கு எந்த அணியையும் நாம் எழுதிவைக்கவில்லை. அவரவர் தோல்வியில் அவரவர் அணியைக் கண்டுகொள்ளட்டும். நாம் எழுதிவைத்திருப்பது அந்த நோட்டு ஒன்றே. இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு நிரம்பியிருக்கின்றன. பெரியவர்களானபின் இருவரும் அதைப் புரட்டிப் பார்க்கட்டும் என்று அலமாரியில் வைத்திருக்கிறோம்.