பிடிமானம்

வீட்டு வாசலில் காரை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, தானே டைமிங் பெல்ட் மாற்றப் பார்க்கிறவர்களில் பலர் கைவிடும் இடம் ஒன்று உண்டு: கிராங்க் புல்லியின் நடு போல்ட்டு.

அசையவில்லை என்றதும் துரு என்று நினைத்து டீசலை ஊற்றுவோம். இங்கே பெரும்பாலும் துரு காரணமே இல்லை. போட்டதே அவ்வளவு இறுக்கம். புல்லி தளர்ந்தால் கீ தேய்ந்து கிராங்க் ஷாஃப்டே வீணாகும் என்பதால் சில ஹோண்டா என்ஜின்களில் 245 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குகிறார்கள். ஓரடி ஸ்பேனரின் நுனியில் 80 கிலோவுக்கு மேல் அழுத்தினால்தான் அந்த முறுக்கு வரும். ஒரு மீட்டர் பைப்பைச் செருகினால் 25 கிலோ போதும். வருஷக்கணக்கில் சூடேறி ஆறிய போல்ட்டு, கழற்றும்போது இன்னும் கூடுதலாகவே கேட்கும்.

சங்ககிரி லாரிகளும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் ஓடும் சீமையில் நீளப் பைப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் பைப்பை அழுத்த அழுத்த என்ஜினும் கூடவே சுற்றும். நாமக்கல் பட்டறையில் ஒரு மேஸ்திரி சொன்னார்: "பைப்ப அப்பறம் நீட்டலாங்க. மொதல்ல என்ஜின் அசையாமப் புடிக்கோணும். ஆட்டுக்கல்லும் சேந்து சுத்துனா மாவு எப்படிங்க அரையும்?"

டாப் கியரில் போட்டு ஒருவர் பிரேக்கை மிதிப்பது வழக்கம். சின்ன என்ஜினுக்குச் சரி. பெரியதில் கியர்பாக்ஸின் ஆட்டமே கொடுக்கிற விசையை வாங்கிக்கொள்ளும். சிலர் பைப்பைத் தரையில் முட்டுக் கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டுவார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. பைப் நழுவினால் கால் எலும்பு போகும். புல்லிப் பக்கமிருந்து பார்த்தால் பழைய ஹோண்டா என்ஜின்கள் பல கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுபவை. அவற்றில் ஸ்டார்ட்டரைத் தட்டினால் போல்ட்டு மேலும் இறுகும். கேஸ் வைத்துச் சூடாக்கினாலோ புல்லிக்குள் இருக்கும் ரப்பர் கருகும்.

ஹோண்டா புல்லிகள் பலவற்றில் அறுகோணக் குழி விட்டிருப்பதே பிடிப்பதற்காகத்தான். அதில் பொருந்தும் 50 மில்லிமீட்டர் இரும்புத் துண்டை, ஸ்பேனர் நுழைய நடுவில் ஓட்டை விட்டு, நீளக் கைப்பிடியும் வைத்து, சேலத்தில் எந்த லேத்துப் பட்டறையிலும் செய்து வாங்கலாம். அதன் கைப்பிடியை நல்ல முட்டில் நிறுத்திவிட்டால் ஓர் ஆளே பைப்பை அழுத்திக் கழற்றலாம். கழன்றதும் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். திரும்ப மாட்டும்போது டார்க் ரெஞ்சோடு அதுவும் வேண்டும்.